ஏட்டுத் தானியம்

1781ஆம் ஆண்டுக் கோடையில் சீனாவின் வடமேற்கு மாகாணமான கான்சுவில் விடாமல் மழை பெய்தது. சலார் முஸ்லிம்களின் கிளர்ச்சியை அடக்கப் பெய்ஜிங்கிலிருந்து படை போயிருந்த நேரம். முன்னால் போன ஹெஷென் என்ற இளம் அமைச்சரும், பின்னால் வந்து பொறுப்பேற்ற மூத்த தளபதி ஆகுயியும் பேரரசருக்கு எழுதிய அறிக்கைகளில், மழையால் படை நகர முடியவில்லை என்று குறிப்பிட்டிருந்தார்கள். போர்ச் செய்தியோடு ஒட்டிக்கொண்டு வந்த இந்தச் சின்னச் செய்திதான் சியான்லோங் பேரரசரை உறுத்தியது. ஆண்டுக்கு ஆண்டு கான்சுவிலிருந்து வந்த அறிக்கைகள் எல்லாம் வறட்சி, வறட்சி என்றே சொல்லியிருந்தன. வறட்சிக்கென்று களஞ்சியத்திலிருந்து அள்ளிக் கொடுத்ததாக மலைமலையாகத் தானியம் செலவெழுதப்பட்டிருந்தது. இந்த ஆண்டு மட்டும் எங்கிருந்து வந்தது இவ்வளவு மழை?

விசாரித்தபோது கதை வெளிவந்தது. கான்சு ஏழை மாகாணம். பஞ்சத்துக்குத் தானியம் சேர்த்துவைக்க அங்கே ஓர் ஏற்பாடு இருந்தது. வசதியுள்ளவர்கள் அரசுக் களஞ்சியத்துக்குத் தானியம் அளந்தால், தலைநகரின் கல்விக்கழக மாணவர் என்ற பட்டம் கிடைக்கும். அந்தப் பட்டம் தேர்வுக்கும் பதவிக்கும் ஒரு படி. 1774இல் கான்சுவின் நிதித் தலைவராக வந்த வாங் தான்வாங், தானியத்துக்குப் பதில் வெள்ளியாகவே வாங்கினார். வெள்ளியை மேலதிகாரி முதல் வட்டத் தலைவன்வரை பங்கு பிரித்துக்கொண்டார்கள். களஞ்சியத்துக்கு ஒரு மூட்டைகூட வராவிட்டாலும் வரவு எழுதியாயிற்று. வரவு எழுதிய தானியத்தை ஒருநாள் காட்டியாக வேண்டுமே. அதற்காகத்தான் வறட்சி பிறந்தது. இல்லாத தானியம் இல்லாத வறட்சிக்குச் செலவானது. இடையில் தலைநகரிலிருந்து சோதனைக்கு ஆள் போனபோதும் களஞ்சியங்கள் நிறைந்திருக்கின்றன என்றே அறிக்கை வந்தது. வாங் தான்வாங் திறமைசாலி என்று பெயரெடுத்து, 1777இல் வளமான செஜியாங் மாகாணத்துக்கு ஆளுநராக உயர்ந்தார்.

மாகாணத்தில் கை நனைக்காத அதிகாரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. வாங் தான்வாங்கின் தலை வெட்டப்பட்டது. தலைமை ஆளுநர் லெர்ஜினுக்குத் தற்கொலை செய்துகொள்ளும் ‘சலுகை’ தரப்பட்டது. கொல்லப்பட்ட அதிகாரிகள் 50 பேருக்கும் மேல். இந்தக் கடுமையைப் பார்த்தால் பேரரசு விழித்துக்கொண்டது என்று தோன்றும். ஆனால் அடுத்து நடந்த இரண்டைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். லெர்ஜினின் இடத்துக்கு அனுப்பப்பட்ட லி ஷியாவ், முந்தைய ஆண்டுதான் யுன்னானில் லஞ்ச வழக்கில் மாட்டி மரண தண்டனை பெற்றுப் பேரரசரின் தயவில் உயிர் தப்பியவர். வாங் தான்வாங்கின் வீட்டில் பறிமுதலான பொருள்களைப் பட்டியலிட்டு அனுப்பும் பொறுப்பு சென் ஹுய்சு என்ற தலைமை ஆளுநரிடம் இருந்தது. அவர் பறிமுதல் பொருள்களிலேயே கைவைத்தார். தங்கத்தை எடுத்துக்கொண்டு வெள்ளியை வைத்தார். நல்ல பச்சைக்கல்லையும் ஓவியங்களையும் தம் வீட்டுக்கு நகர்த்தினார். திருடனின் சொத்தைக் கணக்கெடுக்கப் போனவர் அதைத் திருடியதும் வெளிவந்து, அவரும் உயிரை விட்டார்.

பேரரசுகள் ஆள்வோரின் ஊழலால் சரிந்தன என்று பொதுவாகச் சொல்கிறோம். சொல்லும்போது நம் கண்முன் வருவது பொற்குவியலும் அந்தப்புரமும் விருந்தும்தான். திருடுபோன பணத்தின் அளவே கேடின் அளவு என்று நினைத்துக்கொள்கிறோம். சியான்லோங் ஆண்ட சிங் பேரரசின் வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்கு அப்படித் தோன்றவில்லை. திருடுபோன வெள்ளியை ஒரு பேரரசு மறுபடி வரி போட்டு ஈட்டிக்கொள்ளும். 30 கோடி மக்களைக் கொண்ட நாட்டுக்கு அது பெரிய காரியமில்லை. மீட்க முடியாதது வேறு ஒன்று. எந்தக் களஞ்சியத்தில் எவ்வளவு தானியம் இருக்கிறது, எந்த ஊரில் மழை பெய்தது, எந்தப் போரில் யார் வென்றார்கள் என்பதை அறியும் திறனை அந்த அரசு இழந்தது. களவை மறைக்கப் பொய்க்கணக்கு எழுத வேண்டும். பொய்க்கணக்கைக் காக்க மேலும் பலரை அதில் சேர்க்க வேண்டும். சிறிது காலத்தில் ஏடு ஒரு நாட்டைக் காட்டும், மண்ணில் வேறொரு நாடு இருக்கும். பேரரசர் ஆள்வது ஏட்டில் உள்ள நாட்டைத்தான்.

இதை வாங் தான்வாங் போன்ற தனிமனிதர்களின் பேராசை என்று முடித்துவிட முடியாது. ஊழலுக்கான இடத்தை அரசே அமைத்து வைத்திருந்தது. சிங் காலத்தில் ஒரு மாவட்ட நீதிபதியின் அடிப்படைச் சம்பளம் ஆண்டுக்கு 45 லியாங் வெள்ளி. லியாங் என்பது ஏறத்தாழ 37 கிராம். ஒரு மாவட்டத்துக்கே வரி வசூல், வழக்கு, காவல், களஞ்சியம் எல்லாம் அவர் பொறுப்பு. எழுத்தர்களுக்கும் அவர் தனியாக அமர்த்திக்கொள்ளும் ஆலோசகர்களுக்கும் அவரே கூலி தர வேண்டும். 45 லியாங்கில் அது நடக்காது என்பது பெய்ஜிங்குக்கும் தெரியும். ஆகவே வரியோடு சேதாரம் வாங்கினார்கள். நகைக்கடையில் நாம் கொடுக்கும் அதே சேதாரம்தான். குடியானவன் கொண்டுவரும் துண்டு வெள்ளியை உருக்கிக் கட்டியாக்கும்போது குறைகிறதாம். அந்தக் குறைக்கு ஈடாக நூற்றுக்கு இவ்வளவு என்று கூடுதலாகப் பிடித்தார்கள். உருகியதில் குறைந்தது கொஞ்சம், குடியானவன் கொடுத்தது அதைப்போலப் பல மடங்கு. மிச்சம் அதிகாரியின் குடும்பத்துக்கும் அவருக்கு மேலே உள்ளவர்களின் மாமூலுக்கும் போனது.

சியான்லோங்கின் தந்தை யோங்செங் இதை நேர்மையாக எதிர்கொண்டார். பேரரசர்களில் அவரளவுக்குக் கணக்கு பார்த்தவர்கள் குறைவு. 1724 முதல் சேதாரத்தைத் திருட்டுப் பணமாக விடாமல் மாகாணக் கணக்கில் வெளிப்படையாக வரவு வைத்து, அதிலிருந்து அதிகாரிகளுக்குப் பதவிக்கேற்ப ஒரு பெருந்தொகை கொடுக்க ஏற்பாடு செய்தார். அந்தத் தொகைக்கு ‘நேர்மையைப் பேணும் வெள்ளி’ என்று பெயர். 45 லியாங் வாங்கியவருக்குச் சில நூறு முதல் ஆயிரத்துக்கு மேல்கூடக் கிடைத்தது. சில காலம் அது வேலையும் செய்தது. பிறகு விலைவாசி ஏறியது, தொகை ஏறவில்லை. மாகாணம் தன் செலவுக்கென வைத்திருந்த மிச்சத்தில் மைய அரசு கைவைத்தது. மக்கள்தொகை ஒரு நூற்றாண்டில் இரட்டித்து 30 கோடியை எட்டியபோதும் மாவட்டங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய அப்படியே இருந்தது. ஒவ்வொரு நீதிபதியும் முன்னைவிட இரு மடங்கு மக்களை ஆள வேண்டியிருந்தது. மாமூல் திரும்பி வந்தது, இம்முறை ‘நேர்மை வெள்ளி’க்கு மேலே.

ஹெஷென் இந்த மண்ணில் முளைத்தவர். 1750இல் பிறந்தவர், சிறு வயதில் பெற்றோரை இழந்தவர், மஞ்சுப் படைக் குடும்பம், அரண்மனைப் பள்ளியில் படித்துச் சீனம், மஞ்சு, மங்கோலியம், திபெத்தியம் நான்கிலும் தேர்ந்தவர். அரண்மனைக் காவலராக இருந்தவர் 1775இல் பேரரசரின் கண்ணில் பட்டார். மறு ஆண்டே 26 வயதில் தலைமை மன்றத்தில் உறுப்பினர். நிதி, பணியாளர் நியமனம், அரண்மனைப் பொக்கிஷம், தலைநகர்ச் சுங்கம் என்று ஒவ்வொன்றாக அவர் கைக்கு வந்தன. 1790இல் அவருடைய மகன், பேரரசர் செல்லமாக வளர்த்த கடைசி மகளை மணந்தான். நாடகங்களும் தொலைக்காட்சித் தொடர்களும் அவரைக் கோமாளி வில்லனாக்கிவிட்டன. திறமையில்லாத முகத்துதிக்காரராக இருந்திருந்தால் 20 ஆண்டுகளுக்கு மேல் அந்த இடத்தில் நின்றிருக்க முடியாது. முதிய பேரரசருக்கு மிகவும் தேவையான ஒன்றை அவர் செய்து தந்தார். அரசின் நிதிக் கணக்குக்குள் வராத பணத்தை அரண்மனைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

அதற்கான வழிதான் அபராத வெள்ளி. ஓர் ஆளுநர் பிழை செய்கிறார், அல்லது செய்ததாகப் பேச்சு வருகிறது. பதவி போகுமுன் அவரே முன்வந்து தம் குற்றத்துக்கு இவ்வளவு ஆயிரம் லியாங் கட்டுகிறேன் என்று எழுதுவார். தொகை கைமாறும், பதவி நிற்கும். அந்தப் பணம் நிதி அமைச்சகத்துக்குப் போகாது. ஹெஷெனின் மேற்பார்வையில் இருந்த ஒரு மறைவான கணக்கு அலுவலகத்தின் வழியே அரண்மனைத் துறைக்குப் போகும். சியான்லோங் தெற்கே ஆறு முறை ஆடம்பரப் பயணம் போனவர். 1790இல் அவருடைய எண்பதாம் பிறந்தநாள் விழா. இந்தச் செலவுகளைப் பொதுக் கஜானாவில் எழுதினால் மக்கள் வரிப்பணம் என்ற பேச்சு வரும். அபராத வெள்ளி வந்தால் அந்தப் பேச்சில்லை. ஹெஷென் திருடினார், பேரரசருக்குத் தெரியாது என்று வழக்கமாகச் சொல்லப்படுவதை நான் ஏற்கவில்லை. குற்றத்துக்கு விலை குறித்து, அந்த விலையில் பங்கு வாங்கியவர் பேரரசர். அபராதம் கட்டிய ஆளுநர் அதைத் தம் கீழுள்ளவர்களிடம் கேட்பார். அவர்கள் மாவட்டக் கஜானாவில் கைவைப்பார்கள். அங்கே ஏட்டில் ஓர் ஓட்டை விழும், அதை மூட ஒரு வறட்சி தேவைப்படும்.

இதை நேருக்கு நேர் சொல்லத் துணிந்தவர்கள் இருந்தார்கள். 1786இல் சாவ் ஷிபாவ் என்ற தணிக்கை அதிகாரி, ஹெஷெனைத் தொடாமல் அவருடைய வேலைக்காரன் லியூ சுவானைத் தொட்டார். ஒரு வேலைக்காரன் தன் நிலைக்குப் பொருந்தாத மாளிகையிலும் வண்டியிலும் வாழ்கிறான் என்று எழுதினார். மனு பேரரசரை எட்டுமுன்னே நண்பர் ஒருவர் வழியாகச் செய்தி ஹெஷெனை எட்டியது. விசாரணைக்கு ஆள் வந்தபோது மாளிகையில் மீறலான பகுதிகள் இடிக்கப்பட்டிருந்தன, வண்டி மறைந்திருந்தது. சாவ் ஷிபாவ் ஆதாரமில்லாமல் குற்றம் சாட்டியவராகக் கண்டனம் பெற்றார். சில ஆண்டுகளில் இறந்தும் போனார்.

யின் சுவாங்துவின் கதை இதைவிடக் கனமானது. சீன வரலாற்றிலேயே கஜானா சோதனை ஒன்று இவ்வளவு வெளிப்படையாக நடிக்கப்பட்டது வேறெங்காவது உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. யுன்னானைச் சேர்ந்த இந்த அதிகாரி தந்தையின் மரணத்துக்குப் பின் ஊரில் துக்கம் காத்துவிட்டு நெடுந்தூரம் பயணம் செய்து தலைநகர் திரும்பியவர். வழியெல்லாம் கண்டதை மனதில் கொண்டு 1790இல் பேரரசருக்கு எழுதினார். அபராத வெள்ளி முறையை நிறுத்துங்கள் என்றார். அவருடைய வாதம் கூர்மையானது. பேராசைக்கார ஆளுநருக்கு அபராதம் ஒரு சாக்கு; அதைக் காட்டி இன்னும் பறிப்பார். நல்லவர்கூட அபராதம் கட்டக் கீழதிகாரிகளின் உதவியை நாடுவார். உதவியவன் நாளை தவறு செய்தால் அவனை எப்படித் தண்டிப்பார்? மாகாணக் கஜானாக்களில் பற்றாக்குறை இருக்கிறது, மக்கள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பெருமூச்சு விடுகிறார்கள் என்றும் அவர் எழுதினார்.

பேரரசருக்குக் கோபம் வந்தது. ஆட்சியின் 55ஆம் ஆண்டு, எண்பது வயது, பெரும் வெற்றிகளின் பட்டியல் கையில். மக்கள் பெருமூச்சு விடுகிறார்களா? எந்த ஆளுநர், எந்தக் கஜானா, பெயர் சொல் என்றார். யின் சுவாங்து, ஒரு மூத்த அதிகாரியைத் துணைக்குத் தந்தால் போய்ச் சோதித்துச் சொல்கிறேன் என்றார். துணைக்கு வந்தவர் நிதித்துறைத் துணை அமைச்சர் சிங்செங். ஷான்சி மாகாணத்தின் தாதோங்கில் தொடங்கித் தெற்கே யாங்சி சமவெளிவரை பயணம். எந்த ஊருக்கு வருகிறார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தது. ஒவ்வோர் ஊரிலும் சிங்செங் முதலில் விருந்துக்கு உட்கார்ந்தார். விருந்து நீண்டது. அந்த நேரத்தில் உள்ளூர் அதிகாரிகள் வணிகர்களிடமும் பக்கத்துக் கஜானாக்களிலும் வெள்ளி புரட்டிப் பெட்டிகளை நிரப்பினார்கள். நிரம்பிய பிறகு சோதனை தொடங்கும். எண்ணுவார்கள், எல்லாம் சரியாக இருக்கும், முத்திரை வைப்பார்கள், அடுத்த ஊருக்குப் போவார்கள்.

பக்கத்தில் நின்று அந்த வெள்ளியை எண்ணியபோது யின் சுவாங்து என்ன நினைத்திருப்பார்? எண்ணிக்கை சரியாக இருக்கிறது, பொய்யென்று தெரிகிறது, நிரூபிக்க வழியில்லை. கடைசியில் கஜானாக்கள் நிறைவாக உள்ளன, மக்கள் மகிழ்ச்சியாக உள்ளனர், தவறு என்னுடையதே என்று எழுதிக்கொடுத்தார். மன்றம் மரண தண்டனை பரிந்துரைத்தது. பேரரசர் மனமிரங்கிப் பதவி இறக்கத்தோடு விட்டார். அந்த நாளுக்குப் பிறகு பேரரசின் எந்த அதிகாரிக்கும், கஜானாவில் வெள்ளி குறைகிறது என்று சொல்லக் காரணம் எதுவும் மிஞ்சவில்லை. என் பார்வையில் சிங் பேரரசின் சரிவுக்கு ஒரு தேதி குறிக்க வேண்டுமென்றால், அபினிப் போரின் பீரங்கிகளுக்கு அரை நூற்றாண்டு முன்னே, இந்த விருந்துகளில் குறிக்க வேண்டும்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1793இல், பிரிட்டிஷ் தூதர் மெக்கார்ட்னி சீனம் வந்தார். சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் 1781 முதல் 1785 வரை ஆளுநராக இருந்தவர் அவர். ஆற்காட்டு நவாபின் கடன்களும், அந்தக் கடன்களில் கும்பினி அதிகாரிகள் கொழுத்ததும், ஒரு நாட்டின் வருவாய் எப்படி ஏட்டுக் கடனாகக் கரையும் என்பதும் அவர் நேரில் அறிந்தவை. கோடைக்கால அரண்மனைத் தோட்டத்தில் அவருக்கு வழிகாட்டிச் சுற்றிக்காட்டியவர் ஹெஷென். தூதுக்குழுவின் மருத்துவர் ஹெஷெனின் உடல்வலிக்கு வைத்தியமும் பார்த்தார். வெளியிலிருந்து வந்தவருக்கு அந்தப் பேரரசு பிரமாண்டமாகவும் அதே சமயம் உள்ளே உளுத்ததாகவும் தெரிந்ததில் எனக்கு வியப்பில்லை. இந்த மாதிரி உளுப்பை அவர் சென்னையில் பார்த்துவிட்டு வந்தவர்.

பொய்க்கணக்குக்கு முதலில் உயிரால் விலை கொடுத்தவர்கள் மத்திய சீனத்தின் மலைப்பகுதி மக்கள். ஹுபெய், சிச்சுவான், ஷான்ஷி மாகாணங்கள் கூடும் காடுகளில், நிலமில்லாமல் வந்து குடியேறியவர்களிடையே வெண்தாமரை என்ற வழிபாட்டுப் பிரிவு பரவியிருந்தது. 1793, 1794இல் அந்தப் பிரிவினரைப் பிடிக்க உத்தரவு வந்தது. உத்தரவு உள்ளூர் அதிகாரிகளின் கைக்கு வந்ததும் வியாபாரமானது. வீடுவீடாகப் போய்ப் பணம் கேட்டார்கள். கொடுத்தவன் நல்ல குடிமகன், கொடுக்காதவன் வெண்தாமரை. 1796இல் ஹுபெயில் கிளர்ச்சி வெடித்தது. 1798இல் பிடிபட்ட சிச்சுவான் தலைவர் வாங் சான்ஹுவாய் பெய்ஜிங்கில் விசாரிக்கப்பட்டபோது, அதிகாரிகள்தான் மக்களைக் கிளர்ச்சிக்குத் தள்ளினார்கள் என்றார். சிச்சுவானில் நல்ல அதிகாரியே இல்லையா என்று கேட்டதற்கு, ஒருவர் இருக்கிறார் என்று லியூ சிங் என்ற மாவட்ட நீதிபதியின் பெயரைச் சொன்னார். ஒரு மாகாணத்துக்கு ஒருவர்.

போரை நடத்திய விதமும் கான்சுக் களஞ்சியத்தை நடத்திய விதம்தான். தளபதிகள் கிளர்ச்சிக்காரர்களுக்கு முன்னால் போகாமல் பின்னால் நடந்தார்கள். கூலிக்கு அமர்த்திய உள்ளூர் ஊர்க்காவலர்களை முன்னால் நிறுத்தினார்கள். அவர்கள் செத்தால் படை இழப்பில் எழுத வேண்டியதில்லை. ஓடும் அகதிகளைக் கொன்று எதிரியின் தலைகளாகக் கணக்குக் காட்டினார்கள். வெற்றி அறிக்கை போகும், பதக்கம் வரும், செலவுப் பணம் வரும். போர் நீண்டால் பணம் நீளும். அறிக்கைகள் ஹெஷெனின் மேசையைத் தாண்டித்தான் பேரரசரை அடைய வேண்டும். 1777 வாக்கில் 8 கோடி லியாங் அளவுக்கு இருந்த நிதி அமைச்சகத்தின் கையிருப்பு 1801 வாக்கில் 2 கோடிக்கும் கீழே வந்தது. போர் விழுங்கியது 10 கோடிக்கும் மேல். 1804 வரை அது அணையவில்லை. ஒரு மாபெரும் பேரரசின் முறையான படையால் மலைக்காட்டு விவசாயிகளை அடக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்துபோனது.

எல்லாவற்றுக்கும் ஊழலையே காரணம் சொல்வது நேர்மையாகாது. மக்கள் பெருகினார்கள், நிலம் பெருகவில்லை. ஹோங் லியாங்ஜி என்ற அறிஞர், மால்தஸ் எழுதுவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1793இலேயே இதைப் பற்றி எழுதினார். பின்னர் அபினி வந்தது, வெள்ளி வெளியேறியது. ஆனால் இந்த நெருக்கடிகள் ஒவ்வொன்றையும் சமாளிக்க அரசுக்கு முதலில் வேண்டியது உண்மையான எண். எத்தனை பேர், எவ்வளவு நெல், எவ்வளவு வெள்ளி. அந்த எண்ணைத் தரவேண்டியவர்கள் தராமலிருப்பதில்தான் தங்கள் வாழ்வை வைத்திருந்தார்கள்.

சியான்லோங் 1796இல் பெயரளவில் பதவி விலகி மகன் ஜியாசிங்கை அரியணையில் அமர்த்தினார். அதிகாரத்தை விடவில்லை. 1799 பிப்ரவரி 7 அன்று அவர் இறந்தார். சில நாள்களில் ஹெஷென் கைதானார். 22ஆம் தேதி ஒரு வெண்பட்டுத் துணி அனுப்பப்பட்டது, அதில் தூக்கிட்டுக்கொண்டார். அவர்மீது சுமத்தப்பட்ட குற்றங்கள் 20. மாளிகைச் சுவர்களுக்கிடையே ஒளித்த தங்கம் 26 ஆயிரம் லியாங்குக்கு மேல். நிலவறையில் புதைத்த வெள்ளி பத்து லட்சங்களில். அரண்மனையில் இருந்ததைப்போலப் பல மடங்கு முத்துக் கைவடங்கள். தலைநகருக்கு வெளியே அடகுக்கடைகள். அன்று தப்பிய வேலைக்காரன் லியூ சுவானின் சொத்து மட்டும் 2 லட்சம் லியாங்குக்கு மேல். அது இருபதாவது குற்றம். சாவ் ஷிபாவ் சொன்னது சரியென்று அரசு ஏற்றது, அவர் இறந்து ஏழு ஆண்டுகள் கழித்து. ஹெஷெனின் மொத்தச் சொத்து 80 கோடி லியாங் என்று ஒரு கணக்கு உலவுகிறது. அது ஊர்ப்பேச்சு. அதைப் பெரும்பாலான வரலாற்றாய்வாளர்கள் ஏற்பதில்லை. உண்மைத் தொகை அதைவிட மிகக் குறைவு. ஆனாலும் அந்தத் தொகை ஏன் உருவானது என்பது எனக்குப் புரிகிறது. ஒரு மனிதன் எல்லாவற்றையும் தின்றான் என்று சொல்லிவிட்டால் மற்றவர்களைக் கணக்கெடுக்க வேண்டியதில்லை.

ஜியாசிங் செய்ததும் அதுதான். ஹெஷெனோடு வழக்கை நிறுத்திக்கொண்டார். அவருக்குக் கப்பம் கட்டிப் பதவி வாங்கியவர்களைத் தேடத் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்ற அச்சம் பேரரசருக்கு. பரிசுப் பொருள்கள் அனுப்புவதைத் தடைசெய்தார், கருத்துச் சொல்லுங்கள் என்று அழைத்தார். அழைப்பை நம்பி ஹோங் லியாங்ஜி அதே ஆண்டு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். ஹெஷெனின் ஆட்கள் இன்னும் பதவியில் இருக்கிறார்கள் என்று நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைச் சுட்டினார். பேரரசர் அவைக்கு நேரம் தாழ்த்தி வருவதையும் விடவில்லை. ஹோங் லியாங்ஜிக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, அது மேற்கெல்லையின் இலிக்கு நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது. 1800ஆம் ஆண்டு வசந்தத்தில் தலைநகரில் கடும் வறட்சி. இம்முறை உண்மையான வறட்சி. வழிபாடுகள் பலிக்கவில்லை, கைதிகளை விடுவித்தும் மழையில்லை. ஹோங் லியாங்ஜிக்கு மன்னிப்பு எழுதிய அன்று மழை பெய்தது. பேரரசர் நெகிழ்ந்துபோய்க் கவிதை எழுதினார், அந்தக் கடிதத்தைத் தம் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். கடிதத்தில் பெயர் வந்தவர்களில் பெரும்பாலோர் பதவியிலேயே இருந்தார்கள்.

ஜியாசிங் கெட்டவரல்ல, சிக்கனமானவர். அதனாலேயே அவருடைய காலத்தின் ஒரு வழக்கு மனதைப் பிசைகிறது. 1808இல் ஹுவாய் ஆற்றுப் பகுதியில் வெள்ளம். ஷான்யாங் மாவட்டத்தில் நிவாரணம் சரியாகப் பகிரப்பட்டதா என்று பார்க்க லி யூசாங் அனுப்பப்பட்டார். அதே ஆண்டுதான் உயர்தேர்வில் தேறியவர், முதல் பணி. ஊர் ஊராகப் போய்க் குடும்பங்களை எண்ணினார். ஏட்டில் இருந்த பெயர்களுக்கும் வீடுகளில் இருந்த மனிதர்களுக்கும் பொருத்தமில்லை. மாவட்ட நீதிபதி வாங் ஷென்ஹான் 20 ஆயிரம் லியாங்குக்கு மேல் விழுங்கியிருந்தார். பங்கு தருகிறேன் என்றார். லி யூசாங் மறுத்து அறிக்கை எழுதத் தொடங்கினார். அவருடைய வேலைக்காரர்களையே வளைத்து, தேநீரில் நஞ்சு கலந்து, பிறகு தூக்கில் தொங்கவிட்டார்கள். மேலதிகாரி தற்கொலை என்று கையெழுத்திட்டார். குடும்பத்தார் அவருடைய அங்கியில் ரத்தக்கறையைப் பார்க்காமலிருந்தால் அது தற்கொலையாகவே போயிருக்கும். 1809இல் உண்மை தெரிந்து குற்றவாளிகள் கொல்லப்பட்டார்கள். பேரரசர் இறந்தவருக்கும் ஒரு கவிதை எழுதினார். 1790இல் உண்மையை எண்ணப் போனவர் பதவி இழந்தார். 18 ஆண்டுகளில் அது உயிராகிவிட்டது.

1813இல் கிளர்ச்சிக்காரர்களின் ஒரு கூட்டம், அரண்மனைக்குள்ளிருந்த சில அண்ணகர்கள் வழிகாட்ட, விலக்கப்பட்ட நகரத்துக்குள்ளேயே புகுந்தது. 1839இல் தொடங்கிய அபினி நெருக்கடி போராகி 1842இல் நான்ஜிங் உடன்படிக்கையில் முடிந்தது. பிரிட்டனுக்கு 2 கோடியே 10 லட்சம் வெள்ளி டாலர் தருவதாக ஒப்புக்கொண்டார்கள்.

மறு ஆண்டு, 1843இல், பெய்ஜிங்கில் நிதி அமைச்சகத்தின் வெள்ளி அறையில் ஒரு சிறு மோசடி பிடிபட்டது. வெள்ளி செலுத்த வந்த ஒருவனும் அறைக்காரர்களும் சேர்ந்து எடையில் ஏமாற்றியிருந்தார்கள். பங்கு பிரிப்பதில் சண்டை வந்து விஷயம் கசிந்தது. சரி, எல்லாவற்றையும் ஒருமுறை எண்ணிவிடுங்கள் என்று தாவ்குவாங் பேரரசர் சொன்னார். இடையிடையே இளவரசர்களும் அமைச்சர்களும் வந்து சோதித்து எல்லாம் சரி என்று எழுதிய அறை அது. இம்முறை பெட்டிகளைத் திறந்து எடை போட்டார்கள். ஏட்டின்படி இருக்க வேண்டியது 1 கோடியே 21 லட்சம் லியாங்குக்கு மேல். இருந்தது 30 லட்சத்துக்கும் குறைவு. 92 லட்சத்துக்கும் மேற்பட்ட வெள்ளி இல்லை. எந்த ஆண்டு போனது, யார் கையில் போனது, ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

திருடியவர்களைக் கண்டுபிடிக்க முடியாததால் பேரரசர் வேறு வழி செய்தார். 1800 முதல் அந்த அறைக்குப் பொறுப்பாக இருந்தவர்கள், சோதித்துக் கையெழுத்திட்டவர்கள் அத்தனை பேரின் பட்டியலும் எடுக்கப்பட்டது. பணியில் இருந்த ஒவ்வொரு மாதத்துக்கும் இவ்வளவு என்று தொகை விதிக்கப்பட்டது. இறந்துபோனவர்களுக்குப் பாதி. அதை அவர்களுடைய மகன்களும் பேரன்களும் கட்ட வேண்டும் என்று உத்தரவானது.